சோழர் படையை கேம் மோடில் கொண்டுவர: வரலாறும் கெடாமல், எல்லாரும் ஒரே அச்சாகவும் தெரியாமல்

கல்வெட்டையும் சிற்பத்தையும் நம்பி ஒரு சோழப் படையை கேமுக்குள் கட்டிப் பாருங்கள். முதல் சண்டையிலேயே சிக்கல் புரியும். இடுப்பில் துணி, வெற்று மார்பு, கையில் வேலும் கேடயமும். இருநூறு பேரும் ஒரே ஆளின் நகல் போல நிற்பார்கள். சலித்துப்போய் ஆளுக்கொரு கவசம், இறகு வைத்த தலைக்கவசம், பளபளக்கும் மார்புத் தகடு என்று மாட்டினால் படை அழகாகிவிடும். ஆனால் அது சோழர் படையாக இருக்காது.

சென்னையில் நண்பர்களோடு இதைச் செய்து முடிக்க நாங்கள் அலைந்த அலைச்சல் அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மோடிங் (ஏற்கெனவே உள்ள கேமில் நம் ஆட்களையும் பொருள்களையும் சேர்த்து மாற்றுவது) பழக்கமே இல்லாதவருக்கும் புரியும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆண்டையும் ஊரையும் முதலில் பூட்டுங்கள்

"சோழர் காலம்" என்பது ஒரு காலம் இல்லை. விஜயாலயனிலிருந்து மூன்றாம் இராஜேந்திரன் வரை நானூறு ஆண்டுக்கு மேல். அதற்குள் துணி, ஆயுதம், கோயில் வடிவம் எல்லாமே மாறியிருக்கின்றன. ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் எடுத்தது 1025, முதலாம் இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் 25 ஆண்டு வரை சலுகை கொடுக்கலாம். அதற்கு வெளியே கிடைப்பதை ஆதாரம் என்று எழுதக்கூடாது, துணை ஆதாரம் என்றுதான் எழுத வேண்டும்.

இதை ஒரு வரியாக எழுதி, குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளைத் திறக்க வேண்டும். மாடல் செய்யத் தொடங்கிய பிறகு ஆண்டை மாற்றினால் பாதி வேலை வீண்.

2. கேமைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு 'மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்' போதும். 2010இல் வந்த கேம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி நேரத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் அடுத்த பாகமான பேனர்லார்டில் படம் அழகாக இருக்கும், ஆனால் கணினி வலுவாக இருக்க வேண்டும், கற்றுக்கொள்ளவும் அதிக நாள் ஆகும். கீழே சொல்வதெல்லாம் வார்பேண்டுக்கு.

இரண்டு பொறிகள். வார்பேண்டின் மாட்யூல் சிஸ்டம் (மோடின் வீரர், பொருள் பட்டியல்களை எழுதும் கோப்புத் தொகுப்பு) பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. இன்று இணையத்தில் முதலில் கிடைக்கும் பைத்தான் 3ஐ நிறுவினால் முதல் வரியிலேயே பிழை கொட்டும். 2.7ஐத் தேடி நிறுவுங்கள். இன்னொன்று, இது 32 பிட் கேம். உங்கள் கணினியில் எவ்வளவு ராம் இருந்தாலும் கேம் எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு வரம்பு உண்டு. ஆளுக்கொரு பெரிய டெக்ஸ்ச்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) போட்டால் சண்டை நடுவில் கேம் விழுந்துவிடும். இந்த இரண்டாவது பொறிக்கு ஆறாம் படியில் மீண்டும் வருகிறேன், ஏனென்றால் வகைவகையாகக் காட்டும் வேலையை அதுதான் தீர்மானிக்கிறது.

3. ஆதாரப் பட்டியல் தயாரியுங்கள்

ஒரு ஸ்பிரெட்ஷீட் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: பொருளின் பெயர், எங்கே பார்த்தோம், எந்த நூற்றாண்டு, புகைப்பட எண், தரம். தரத்துக்கு நான்கு எழுத்து வைத்தோம்.

அ: நம் ஆண்டை ஒட்டிய சிற்பத்திலோ ஓவியத்திலோ கண்ணால் கண்டது.
ஆ: அதே காலக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பெயர் இருக்கிறது, உருவம் தெரியாது.
இ: முந்தைய நூற்றாண்டிலும் இருக்கிறது, பிந்தைய நூற்றாண்டிலும் இருக்கிறது. ஆகவே நடுவிலும் இருந்திருக்கும்.
ஈ: ஊகம்.

'இ' என்ற தரம்தான் உங்களைக் காப்பாற்றும். 1025ஐ ஒட்டிய படைவீரர் உருவங்கள் குறைவு. ஆனால் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் 8ஆம் நூற்றாண்டுப் பல்லவ வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் சின்னச் சின்னதாக எத்தனையோ இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஒரே வடிவக் கேடயம் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் இருந்தால் 'ஈ'தான்.

சென்னையில் போக வேண்டிய இடங்கள்:

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வாசலில் நிற்பவர்கள் பலர். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், நுழையும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வெண்கலக் கூடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தெய்வ உருவங்கள்தானே என்று கடந்துவிடாதீர்கள். இடையாடையின் மடிப்பு, அதில் ஓடும் கோடும் பூவும், அரைப்பட்டிகை, தோள்வளை எல்லாம் அவ்வளவு துல்லியமாக வேறெங்கும் கிடைக்காது. இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இந்த அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. அவற்றின் முத்திரையில் புலி, இரு மீன், வில் இருக்கும். கொடிக்கும் கேடயச் சின்னத்துக்கும் அதுவே 'அ' தர ஆதாரம்.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். தொல்லியல் துறை வெளியீடுகளுக்கு எழும்பூர் ஆல்சு சாலையில் உள்ள தமிழ் வளர்ச்சி வளாகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். எங்கே போனாலும் ஆதார் நகல் ஒன்றும், மாணவராக இருந்தால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்றில்லை. கேட்கும் இடத்தில் அது இல்லையென்றால் அந்த நாள் போய்விடும். வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசம்.

கட்டாயம் புரட்ட வேண்டியது 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. படைப்பிரிவுகளின் பெயர்களே வரிசையாக வரும்: மும்முடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர், பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலிசோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், வலங்கை வேளைக்காரர். நீங்களாகக் கற்பனைப் பெயர் வைக்கத் தேவையே இல்லை. வில்லாளி, குதிரை வீரன், ஆனைப்பாகன் என்று வகையும் அதிலேயே பிரிந்து கிடக்கிறது.

4. நேரில் போய்ப் பார்த்தல்

ஒரு நாளில் முடிவது மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் ஒரே சீட்டில் பார்க்கலாம், இந்தியருக்கு 40 ரூபாய். இன்னொரு நாள் காஞ்சிபுரம். செங்கல்பட்டு வழி போகும் மின்ரயிலில் போனால் செலவு மிகக் குறைவு. வைகுண்டப் பெருமாள் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

தஞ்சைக்கு எழும்பூரிலிருந்து இரவு ரயில். முன்பதிவைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் ஒரு வாரயிறுதியில் அடக்கலாம், நெருக்கடியாகத்தான் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள் திருச்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்க முடியாது. அச்சான புகைப்படத் தொகுப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் பூசியிருந்தார்கள். ஆகவே கையில் கிடைத்த படம் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பார்க்காமல் ஆடையின் நிறத்தை எடுக்கக்கூடாது.

படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை. தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும், கையில் பிடித்தே எடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்ன பிறகு பல கோயில்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். மேகம் மூடிய காலை வேளையே நல்லது. சித்திரை வெயிலில் எடுத்தால் நிழல் கறுத்து, துணி மடிப்பு ஒன்றும் தெரியாது.

5. காலம் தவறிய பொருள்களைக் களையெடுத்தல்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்கள் வைத்திருக்கும் இடத்தில் நாங்கள் கட்டாரி ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "எந்தக் காலத்துக்குப்பா வரையறீங்க?"

"ராஜேந்திர சோழன் சார்."

"அப்ப இதை விட்டுடுங்க தம்பி. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலேர்ந்து வந்ததுங்க இதெல்லாம். ராஜேந்திரனுக்கு அறுநூறு வருஷம் பின்னாடி."

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் பெரிய பொறி. தமிழ்நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அழகான ஆயுதங்களில் பெரும்பாலானவை நாயக்கர், மராட்டியர் காலத்தவை. "தஞ்சை" என்ற ஒரு சொல்லை வைத்துச் சோழருடையது என்று நினைத்துவிடத் தோன்றும். குறிப்புப் பலகையில் நூற்றாண்டு இல்லாத எதையும் மாடலாக்க வேண்டாம்.

காட்சி அமைப்பிலும் இதே தொல்லை. நம் கண்ணுக்குப் பழகியதெல்லாம் பழையது இல்லை. வானளாவிய, வண்ணம் பூசிய வாயில் கோபுரங்கள் பிற்காலத்தவை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் இன்றைய ராஜகோபுரம் 1906ஆம் ஆண்டினது. திருவரங்கத்து ராஜகோபுரம் 1987இல்தான் முடிந்தது. இராஜராஜன் காலத்துக் கோயிலில் விமானம்தான் உயரம், வாயில் அதைவிடத் தாழ்ந்து நிற்கும்.

செடி கொடியில் இன்னும் கவனம் வேண்டும். ஊர்ப்புறக் காட்சி என்றாலே சீமைக்கருவேலம் வரைந்துவிடுகிறோம், அது அமெரிக்காவிலிருந்து வந்தது. சென்னைச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். சப்பாத்திக் கள்ளியும் அங்கிருந்து வந்ததே. குல்மோகர் மடகாஸ்கர் மரம். சந்தைக் காட்சியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி, முந்திரி எதுவும் வரக்கூடாது. பனை, தென்னை, வாழை, புன்னை, மருதம், ஆல், அரசு, வேம்பு போதும். குவியலாக வைக்க மிளகு, மஞ்சள், இஞ்சி, நெல், தினை இருக்கின்றன.

6. ஆதாரத்துக்குள் நின்றே வகைவகையாக்குதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து கவசம் கடன் வாங்குவதற்கு முன், இருக்கும் ஆதாரத்துக்குள் எத்தனை வேற்றுமை ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

முதலில் தலை. சோழ வீரனுக்குத் தலைக்கவசம் தேடாதீர்கள், முடியைப் பாருங்கள். உச்சிக் கொண்டை, பக்கக் கொண்டை, பின்னால் தாழ முடிந்தது, துணி சுற்றிக் கட்டியது. சண்டைக் கூட்டத்தில் கண் முதலில் பிடிப்பது தலையின் வெளிக்கோட்டை. நான்கு கொண்டை இருந்தாலே நகல் உணர்வு பாதி போய்விடும். வார்பேண்டில் கொண்டையைத் தலைக்கவசப் பொருளாகவே சேர்க்கலாம். அப்போது முடியின் நிறத்தைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்: கருமை, நரை கலந்தது, செம்பட்டை.

அடுத்து இடையாடை. முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டியது, கச்சமாகப் பின்னால் செருகியது, நுனி முன்னால் தொங்குவது என்று மூன்று மெஷ் (முப்பரிமாண வடிவம்) செய்தால் போதும். கரையும் கோடும் டெக்ஸ்ச்சரில் வரட்டும். 1024 பிக்சல் அளவுள்ள ஒரே டெக்ஸ்ச்சரில் நான்கு துணிகளை அடுக்கிவிடுங்கள், இரண்டாம் படியில் சொன்ன நினைவகப் பொறிக்கு இதுவே மருந்து. நிறத்தில் அடக்கம் வேண்டும். வெளுக்காத பருத்தியின் மங்கல் வெள்ளை, காவி, மஞ்சள், சாயவேர்ச் சிவப்பு, அவுரி நீலம். இன்றைய பட்டுக்கடை இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் திரையில் கண்ணைப் பறிக்கும், கூடவே காலத்தையும் பறித்துவிடும்.

கேடயத்தில் வட்டம் ஒன்று, நீள்வடிவம் ஒன்று. அவற்றின் முகத்தில் தோல், பிரம்பு, குமிழ். பழையது, அடிபட்டது, புதியது என்று தேய்மானத்தால் இன்னும் மூன்று வகை வரும். ஆயுதத்தில் வேல், குறுவாள், வில்.

கணக்குப் போடுங்கள். மேலே சொன்னவற்றிலிருந்து 4 கொண்டை, 5 துணி, 4 கேடயம், 3 ஆயுதம் மட்டும் எடுங்கள். பெருக்கினால் 240 விதமான ஆள். ஒரு கவசம்கூடச் சேர்க்கவில்லை.

உடம்பை மறந்துவிடாதீர்கள். வெற்று மார்புப் படைக்கு உடம்பே ஆடை. ஒல்லி, கட்டுமஸ்து, சற்றே தொப்பை என்று மூன்று உடல். தோல் நிறம் கறுப்பிலிருந்து மாநிறம் வரை. வயது இருபதிலிருந்து ஐம்பது வரை. முகத்துக்கு வார்பேண்டில் இரண்டு முகக் குறியீடு கொடுத்தால் அவற்றுக்கு இடையில் கேமே முகங்களை உருவாக்கும். இரண்டும் வெகு தூரத்தில் இருந்தால் கோணல் முகங்கள் வரும், பத்துப் பத்தாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெற்றுடம்பை நீங்கள் கவசப் பொருளாகச் சேர்ப்பதால் முகத்தின் நிறமும் மார்பின் நிறமும் ஒட்டாமல் போக வாய்ப்புண்டு. வெயில் காட்சி, மாலைக் காட்சி, மழைக் காட்சி மூன்றிலும் நிறுத்திப் பாருங்கள்.

இனி பட்டியலில் ஏற்றுதல். வார்பேண்டில் ஒரு வீரனுக்குக் கொடுத்த பொருள் பட்டியலிலிருந்து கேம் தானே பொறுக்கி மாட்டிவிடும். ஒரு பொருளை இரண்டு முறை எழுதினால் அது வரும் வாய்ப்பு கூடும். "கேடயம் கட்டாயம்", "தலைக்கவசம் கட்டாயம்" என்ற அமைப்புக் குறிகளை எல்லாருக்கும் போடாதீர்கள். அவை இல்லாவிட்டால் சிலர் கேடயமின்றி வருவார்கள், சிலர் வெறுந்தலையோடு வருவார்கள். ஐரோப்பியப் படை மோடில் அது குறை. நமக்கு அதுவே இயல்பு.

7. "இருந்ததா?" என்பதோடு "எத்தனை பேரிடம்?" என்றும் கேளுங்கள்

புதியவர்கள் ஆதாரம் கிடைத்தவுடன் அந்தப் பொருளை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். தோள்வளையும் மார்பணியும் தளபதிச் சிற்பத்தில் இருக்கும். அதைக் காலாட்படைக்கு மாட்டினால் ஒவ்வொரு பொருளும் உண்மை, ஆனால் படை பொய். எங்கள் பட்டியலில் ஒரு விதி வைத்தோம்: உயர்ந்தோருக்கு மட்டும் தெரியும் பொருள் இருபதில் ஒருவருக்கு மேல் வரக்கூடாது, 'ஈ' தரப் பொருள் ஒரு படைப்பிரிவில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

குதிரைக்கும் இதே கணக்கு. நல்ல குதிரை கடல் கடந்து வந்தது, விலை அதிகம். குதிரைச் செட்டிகள் கல்வெட்டிலேயே வருகிறார்கள். ஆகவே குதிரைப்படை சிறியதாக, நன்கு உடுத்தியதாக இருக்கட்டும். வேற்றுமை காட்டும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1225இல் எழுதிய சீனர் சா ஜூ-குவா, சோழ நாட்டில் அறுபதாயிரம் போர் யானைகள் என்றும், முதுகில் வீடு போன்ற அமைப்பிலிருந்து வீரர்கள் தூரத்தில் அம்பும் அருகில் ஈட்டியும் கொண்டு போரிட்டார்கள் என்றும் எழுதினார். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், காலமும் நமக்கு இருநூறு ஆண்டு பிந்தியது. அம்பாரி அமைப்பை 'ஈ'யாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வார்பேண்டில் யானைக்கென்று எலும்புக்கூடு (மாடலை அசைக்கும் உள்சட்டகம்) கிடையாது. குதிரையின் எலும்புக்கூட்டின் மேல் யானை மெஷைப் போர்த்துவதே வழக்கம், ஏறுபவரும் ஒருவரே. அம்பாரியில் நால்வரை உட்காரவைக்க நாள் கணக்கில் போராடாதீர்கள். ஒரு பாகன் போதும், மீதியைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இலக்கியமும் உதவும், அளவோடு. கலிங்கத்துப்பரணி படை புறப்படும் ஆரவாரத்தைச் சொல்கிறது. ஓசைக்கும் கொடிகளின் நெருக்கத்துக்கும் அது நல்ல வழிகாட்டி. எண்ணிக்கைக்கு அதை எடுக்கக்கூடாது.

8. எழுத்து

கேடயத்திலோ வாயிலிலோ தமிழ் எழுதினால் இன்றைய ஃபாண்டைப் போடாதீர்கள். அந்தக் காலக் கல்வெட்டைப் பார்த்து வரைந்து டெக்ஸ்ச்சராக்குங்கள். புள்ளி பெரும்பாலும் இருக்காது, வடசொற்களில் கிரந்த எழுத்து கலந்து வரும். மெனுவில் தமிழ் வேண்டுமென்றால் எச்சரிக்கை: வார்பேண்டின் எழுத்து முறை படமாக அடுக்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாக வைப்பது. கொம்பும் காலும் இடம் மாறி "கொ" சிதறிவிடும். பெயர்களைப் படமாகவே செய்வது எளிது.

9. சோதனை

நூற்றைம்பது பேரைத் திறந்த வெளியில் நிறுத்தி, குதிரையில் ஏறி அவர்களைச் சுற்றி வாருங்கள். தள்ளி நின்று பார்க்கும்போது ஒரே மாதிரி ஆட்கள் கண்ணில் உறுத்தினால், குறை தலையிலோ கேடயத்திலோதான் இருக்கும், துணிக்கரையில் இருக்காது. தூரத்தில் காட்டும் எளிய மெஷ்களிலும் கொண்டை வேறுபாடு இருக்கிறதா பாருங்கள். பலர் அதை அங்கே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் நாள்தோறும் கேம் ஆடுபவர், இன்னொருவர் கல்வெட்டோ சிற்பமோ படித்தவர். இருவரையும் ஒரே நாளில் கூப்பிடாதீர்கள், ஒருவர் பேசினால் மற்றவர் அடங்கிவிடுவார்.

10. அனுமதி, செலவு, வெளியீடு

பிறர் மாடலை எடுத்தால் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்த மின்னஞ்சலைப் பிடிஎஃப் ஆக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. புத்தகத்தில் அச்சான புகைப்படத்தை வெட்டி டெக்ஸ்ச்சராக ஒட்டுவதும் கூடாது. பார்த்து வரையுங்கள். மோடுக்குப் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் கேமின் பயனர் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலும் அதற்கு இடமிருக்காது.

பிளெண்டர், படம் வரையும் கிரிட்டா, கிம்ப், மாடலை வார்பேண்டுக்குள் ஏற்றும் ஓபன்பிஆர்எஃப் எல்லாம் இலவசம். செலவு என்றால் கேம், பயணம், நகலெடுக்கும் காசு. தஞ்சைப் பயணம்தான் பெரிய செலவு. ஸ்டீமில் மோடுகளைப் பகிரும் பகுதியான வொர்க்ஷாப்பில் ஏற்ற நினைத்தால், உங்கள் ஸ்டீம் கணக்கில் குறைந்தது 5 டாலர் மதிப்புக்கு வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கட்டுப்பாட்டிலேயே இருக்கும். நண்பரின் கணக்கில் கேம் வைத்திருப்பவர்கள் வெளியீட்டு நாளன்று இதில் மாட்டுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு ஆதாரத்துக்கு இரண்டு மாதம், மாடலுக்கு மூன்று மாதம், சோதனைக்கு ஒரு மாதம் என்று வையுங்கள். கல்லூரித் தேர்வு மாதங்களைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

வெளியிடும்போது ஆதாரப் பட்டியலை அ, ஆ, இ, ஈ தரங்களோடு மோடின் கூடவே கொடுங்கள். யானையில் ஒருவர்தான் இருக்கிறார், அம்பாரி ஊகம், கொடியின் நிறம் ஊகம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்போதுதான் தெரிந்தவர்கள் திருத்தம் சொல்வார்கள். திருத்தம் வந்தால் அந்த வரியின் தரத்தை மாற்றி, தேதி போட்டு, அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள். ஆனால் பழைய பதிப்பின் பொருள் எண்களை இடம் மாற்றாமல் புதியதைப் பட்டியலின் கடைசியில் சேருங்கள், இல்லாவிட்டால் ஆடிக்கொண்டிருப்பவர்களின் சேமிப்புக் கோப்பில் வேலுக்குப் பதில் வாழைத்தார் நிற்கும்.